பால்மரமும் மாணவர் மன்றமும்

கோலா கங்சார் மாவட்ட நில அலுவலகத்தின் அருகில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது இந்த ஊரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ என்பவர் அவற்றை வளர்த்தார். அந்த ஒன்பதில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது எங்கள் ஆசிரியை எங்களை வரிசையாக அழைத்துச் சென்று இதைக் காட்டினார். பக்கத்தில் நின்ற பையன், “எங்க தாத்தா இத மாதிரி முந்நூறு மரம் வெட்டியிருக்காரு, டீச்சர். அதுக்கெல்லாம் யாரும் போர்டு வைக்கலியே” என்றான். ஆசிரியை சிரித்துவிட்டார். பதில் சொல்லவில்லை.

மாணவர் மன்றத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் மரத்தில் ஏறிவிட்டாளே என்று நினைக்க வேண்டாம். இந்த மரத்துக்கும் நம் மன்றத்துக்கும் உறவு உண்டு. 1974ஆம் ஆண்டில் ரப்பர் விலை அப்படி விழாமல் இருந்திருந்தால், நாம் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் இந்த வடிவத்தில் வந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்குள் நுழையும் முன்பு, இதை ஏன் எழுத வேண்டும் என்று தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாம் ஆண்டில் மாணவர் தேர்தலுக்கு முதல்நாள் இரவு, விடுதியில் ஒரு சீனியர் அக்கா கதவைத் தட்டினார். கையில் சின்னத் துண்டுச் சீட்டு. அதில் ஐந்து எண்கள். “இந்த நம்பருக்குப் போடுங்கம்மா. நம்ம பிள்ளைங்களுக்கு நல்லது செய்றதா சொல்லியிருக்காங்க” என்றார். யார் இவர்கள், என்ன நல்லது, எப்படிச் செய்வார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மறுநாள் போய் அந்த எண்களுக்கே போட்டோம். சில வாரங்கள் கழித்து நம் கலைநிகழ்ச்சிக்கு மண்டபம் கிடைக்காமல் போனபோது, வென்றவர்களில் ஒருவரைத் தேடிப் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இது எங்கள் அதிகாரத்தில் இல்லை” என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பின்னர் சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவரிடம் இல்லாத ஒன்றை அவர் தருவார் என்று நம்பி நாங்கள்தான் வாக்களித்திருந்தோம்.

அப்படியானால் அவரிடம் இருந்தது என்ன? அதைத் தெரிந்துகொள்ள, முன்பு என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அங்கே மாணவர்கள் ஆரம்பத்திலிருந்தே சும்மா இருந்தவர்கள் அல்லர். 1954ஆம் ஆண்டில் ‘ஃபஜார்’ என்ற மாணவர் இதழை நடத்திய எட்டுப் பேர் மீது அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கில் அவர்கள் விடுதலை பெற்றார்கள். கோலாலம்பூர் வளாகம் 1959இல் வந்தது. அங்கிருந்த மாணவர் சங்கம் இன்றைய கண்ணுக்கு நம்ப முடியாத ஒன்று. அதற்குச் சொந்தப் பணம் இருந்தது. மாணவர்கள் ஏறி நின்று யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் பேசும் ‘சூடுட் பிடாத்தோ’ என்ற பேச்சு மேடையும் இருந்தது. 1969ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு முன்பு, சங்கம் சொந்தமாக ஒரு கொள்கை அறிக்கையை எழுதிக்கொண்டு நாட்டின் பல ஊர்களுக்குப் போய்ப் பொதுக்கூட்டம் நடத்தியது. எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை. கட்சிகள் என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்கள் ஊருக்குச் சொன்னார்கள்!

அந்த ஆண்டு மே மாதக் கலவரத்திற்குப் பிறகு நாட்டின் காற்று மாறியது. 1971ஆம் ஆண்டில் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. நாம் எல்லாரும் வாயால் சொல்லும் ‘ஆவ்கு’ அதுதான். மாணவர்களும் அவர்களுடைய அமைப்புகளும் அரசியல் கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் தொடர்பு வைக்கக் கூடாது என்று அது சொன்னது. ஆனால் சங்கம் இருந்தது. பெயரும் இருந்தது, பணமும் இருந்தது.

இங்கேதான் பால்மரம் வருகிறது.

1974ஆம் ஆண்டின் இறுதியில் ரப்பர் விலை சரிந்தது. அரிசி, மாவு, சீனி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்கள் நவம்பர் மாதத்தில் ஊர்வலம் போனார்கள். டிசம்பர் 1ஆம் நாள் கூடிய கூட்டம் ஏறத்தாழ 30,000 பேர் என்பார்கள். பெரும்பாலோர் மலாய்க் குடியானவர்கள். ஆனாலும் இது நமக்கு அந்நியமான செய்தி அன்று. தோட்டத் தொழிலாளியின் கூலியும் அந்நாளில் ரப்பர் விலையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. விலை இறங்கினால் எங்கள் பாட்டிமார் வீட்டு அடுப்பும் இறங்கும். சுங்கை சிப்புட்டுக்கும் பாடாங் ரெங்காசுக்கும் இடையில் இருந்த தோட்டங்களில் வாழ்ந்தவர்களைக் கேட்டால், “அந்த வருஷம் மரவள்ளிக் கிழங்குதான்” என்பார்கள்.

டிசம்பர் 3ஆம் நாள் பல்கலைக்கழக மாணவர்கள் கோலாலம்பூரில், இன்று மெர்டேக்கா சதுக்கம் இருக்கும் திடலில் கூடினார்கள். பாலிங் மக்களுக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். விரிவுரையாளர் சையட் உசின் அலி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டு 1980இல்தான் வெளியே வந்தார். அன்வார் இப்ராஹிமும் அப்போது பிடிபட்டுச் சுமார் இரண்டு ஆண்டுகள் கமுந்திங் முகாமில் இருந்தார். அவர் அதற்குள் பட்டம் பெற்று வெளியேறி இளைஞர் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தவர். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அவர் படித்த பள்ளி கோலா கங்சார் மலாய்க் கல்லூரி. 1905ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் பள்ளியின் மதிலை ஒட்டிப் போகும் பேருந்தில்தான் நாங்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போய் வந்தோம். கமுந்திங்கோ அடுத்த ஊரான தைப்பிங்கின் பக்கத்தில். படித்த இடமும் அடைபட்ட இடமும் இவ்வளவு கிட்டத்தில் அமைந்த மனிதர், 2022 நவம்பரில் நாட்டின் பிரதமரானார்.

அடுத்த ஆண்டே, அதாவது 1975இல், சட்டம் திருத்தப்பட்டது. அப்போதைய கல்வி அமைச்சர் டாக்டர் மகாதீர். பழைய சங்கத்தின் இடத்தில் ‘மஜ்லிஸ் பெர்வாகிலான் பெலாஜார்’, அதாவது மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வந்தது. எம்.பி.பி. என்று நாம் சொல்வது இதைத்தான். துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாக்களித்ததும் இப்படிப்பட்ட ஒரு மன்றத்துக்குத்தான்.

சட்டம் வகுத்த அமைப்பு சிக்கலானது அன்று. மாணவர்கள் இரண்டு வகையில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு புலத்தின் மாணவரும் தம் புலத்துக்கான பிரதிநிதிக்கு வாக்களிப்பர். அதோடு பல்கலைக்கழக மாணவர் அனைவரும் சேர்ந்து பொது இடங்களுக்கும் வாக்களிப்பர். இரண்டுமே இரகசிய வாக்கு. ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது. வென்றவர்கள் தங்களுக்குள் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுப்பர். துணைவேந்தர் எழுத்து மூலம் அனுமதித்தாலொழிய வேறு பதவி கிடையாது. கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் இருந்து பெரும்பான்மையாக முடிவெடுக்க வேண்டும். பதவிக்காலம் ஒரு கல்வியாண்டு.

கவனியுங்கள், தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தில் பிரதமர் வருவதைப் போலத்தான். சுவரொட்டியில் பெரிதாகச் சிரிப்பவர் தலைவராவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தேர்தல் முடிந்த இரவில் எந்த அணி எத்தனை பேரைச் சேர்த்தது என்ற கணக்கில்தான் எல்லாம் முடிவாகும்.

மன்றத்தின் வேலைகள் என்னவென்றும் சட்டமே எழுதிவைத்தது. மாணவர்கள் ஒன்றாக வாழும் உணர்வை வளர்ப்பது, துணைவேந்தரின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு நலன், பொழுதுபோக்கு, சமயம், உணவு ஆகிய வசதிகளை ஏற்பாடு செய்வது, மாணவர் வாழும் படிக்கும் நிலைமைகளைப் பற்றித் துணைவேந்தரிடம் முறையிடுவது ஆகியவை. ‘முறையிடுவது’ என்ற சொல்லை நான் இரண்டு தடவை படித்தேன். முடிவெடுப்பது என்று அங்கே இல்லை. கோலா கங்சாரில் வளர்ந்தவளுக்கு இது பழைய வரலாற்றுப் பாடத்தை நினைவுபடுத்தியது. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் ஒப்பந்தப்படி பேராக் சுல்தான் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ‘ஆலோசனையை’க் கேட்டு நடக்க வேண்டும். ஆலோசனை என்ற பெயர், ஆனால் மறுக்க முடியாது. இங்கே அது தலைகீழ். மன்றம் ஆலோசனை சொல்லலாம், கேட்க வேண்டிய கட்டாயம் எதிர்ப்பக்கத்துக்கு இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பணம். 1975ஆம் ஆண்டுத் திருத்தம், மன்றம் சொந்த நிதி வைத்திருக்கவோ வசூல் செய்யவோ கூடாது என்றது. செலவுக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதித்த தொகையைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். பொருளாளர் கணக்கு எழுதித் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். பொருளாளர் உண்டு, ஆனால் பெட்டி இல்லை! இதே கட்டுப்பாடு நம்மைப் போன்ற மொழிக் கழகங்களுக்கும் இருந்தது.

இது காகிதத்தில் மட்டும் இருந்த விதி அன்று. நம் கழகத்தில் ஒரு தடவையாவது செயலாளராக இருந்தவருக்கு ‘கெர்த்தாஸ் கெர்ஜா’ என்றாலே தலைவலி வரும். நிகழ்ச்சியின் நோக்கம், நாள், இடம், வருவோர் எண்ணிக்கை, செலவுக் கணக்கு என்று பக்கம் பக்கமாக மலாயில் எழுத வேண்டும். ஆலோசகர் விரிவுரையாளர் கையெழுத்திட வேண்டும். பிறகு மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போகும். ஒரு சொல் தவறினால் திரும்பி வரும். பொங்கல் விழாவுக்கு விண்ணப்பித்து, அனுமதி வந்தபோது தைப்பூசமும் கடந்துவிட்ட கதை உண்டு. இடையில் கரும்புக்குப் பணம் கட்டியது யார் என்றால், செயற்குழுவினர் தம் பி.டி.பி.டி.என். கடனிலிருந்து. நிகழ்ச்சிக்குப் பிறகு பணம் திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, ஏழைத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறோம். அந்தத் துறைக்குப் பின்னால் அப்படி ஒரு வசூல் இருக்க, பிற்காலத்தில் தமிழ் மாணவர்கள் ஒரு விழாவுக்கு ஐந்து ரிங்கிட் வசூலிக்கவும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தேர்தல் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேட்புமனு, சில நாள் பிரசாரம், வாக்களிப்பு. 2000ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டு அணிகள் இருந்தன. நிர்வாகத்தோடு இணக்கமானது என்று பெயர் பெற்ற ‘அஸ்பிராசி’ ஒன்று, ‘ப்ரோ-மஹாசிஸ்வா’ மற்றொன்று. இன்று பெயர்கள் மாறிவிட்டன, அணிகளும் கூடியுள்ளன. வாக்குப்பெட்டிக்குப் பதில் இணைய வாக்களிப்பும் வந்துவிட்டது. இந்திய மாணவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. ஆனால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும் புலத்தில் நாற்பது வாக்கு சேர்ந்து விழுந்தால் முடிவு மாறிவிடும். இது எல்லா அணிக்கும் தெரியும். அதனால்தான் தேர்தல் வாரத்தில் மட்டும் நமக்கு நாசி லெமாக் கிடைக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டும் அப்படித்தான் எங்கள் கதவுக்கு வந்தது. அந்த அக்காவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் யாரோ சொன்னார்கள். கையில் இருக்கும் ஒரே பலத்தை நாம் என்ன வேண்டும் என்று கேட்காமலே கொடுத்துவிடுகிறோம், அதுதான் வருத்தம்.

இனி, சட்டம் எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2009இல் சில இறுக்கங்கள் தளர்ந்தன. பெரிய மாற்றத்துக்குக் காரணம் நான்கு மாணவர்கள். 2010ஆம் ஆண்டு உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்த இடத்தில் இருந்ததற்காக மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் பயிலும் துறையே அரசியல் அறிவியல்தான்! நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மாணவர் கட்சிக்கு ஆதரவு தெரிவிப்பதைத் தடுத்த அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றானது. ஆனால் வளாகத்துக்குள் கட்சி வேலை கூடாது. அந்தத் தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அதற்குப் பிறகு சில பல்கலைக்கழகங்களில் ‘மன்றம்’ போய் மீண்டும் ‘சங்கம்’ என்ற பெயர் வந்தது. தேர்தலை மாணவர்களே நடத்தும் முறையும் தொடங்கியது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், மாணவர் அமைப்புகள் தம் நிதியைத் தாமே திரட்டி நிர்வகிக்க வழி திறந்தது. 1975இல் பறிபோன பெட்டி திரும்ப வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இவை அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் கதை. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வேறு சட்டம். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களுக்கு 1976ஆம் ஆண்டுக் கல்வி நிலையங்கள் ஒழுங்குச் சட்டம். தனியார் கல்லூரிகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே ஈப்போ பயிற்சிக் கழகத்தில் படிக்கும் என் தோழியும் நானும் ‘எங்க மன்றத்துல’ என்று பேசும்போது ஒரே பொருளைப் பேசுவதில்லை.

பிற நாடுகளில் எப்படி? இந்தியாவில் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு வகை. 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலில் அமர்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 11ஆம் நாள் துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார். ஏப்ரலில் தூபி எழுந்துவிட்டது. அவர்களுடைய ஒன்றியத்தின் யாப்பில் என்ன எழுதியிருந்தாலும், அந்த மூன்று நாள் அவர்களைக் காப்பாற்றியது யாப்பு அன்று என்றே நினைக்கிறேன்.

நம் மன்றத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. முறையிடும் உரிமையைச் சரியாகப் பிடித்தால் அதுவும் வேலை செய்யும். சென்ற ஆண்டு இரவு பத்து மணிக்கு மேல் நூலகத்திலிருந்து தொலைவிலுள்ள விடுதிக்குப் பேருந்து இல்லை. பெண்கள் இருட்டில் நடந்து வந்தோம். எங்கள் புலத்துப் பிரதிநிதியான ஒரு மலாய்த் தோழி இரண்டு வாரம் எந்த நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணினாள். நானும் நான்கு இரவு அவளோடு நின்று எண்ணினேன். அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கூட்டத்தில் வைத்தாள். பத்தரைக்கு ஒரு பேருந்து வந்தது. பதினொன்றுக்குக் கேட்டோம், கிடைக்கவில்லை. அவள் எந்த அணி என்று எனக்குத் தெரியும். அந்தத் துண்டுச் சீட்டில் இருந்த அணி அன்று.

இந்த ஆண்டு வேட்புமனு நாளுக்கு முன்பு, முதலாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி என் அறைக்கு வந்தாள். பாகான் செராய் பக்கத்துப் பெண். “அக்கா, எந்த நம்பருக்குப் போடணும்?” என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு: “அக்கா, நிக்கிறதுக்கு எவ்வளவு புள்ளி வேணும்?” பாரத்தை எடுத்து இருவரும் படித்தோம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. முன்மொழிபவர் என்ற கோட்டில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். வழிமொழிய ஆள் தேடி அவள் கீழ்மாடிக்குப் போயிருக்கிறாள்.